அட்டவணைக்கு அடங்காத பால்

தலைநகரிலுள்ள அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த பரிசோதகர், மினுக்கிய கறுப்புச் சப்பாத்தோடு வட்டக்கச்சியில் ஓர் எருமைப் பட்டிக்குள் இறங்கினார். மாரிகாலத்தின் நடுப்பகுதி. பொழுது அப்போதுதான் வெளித்திருந்தது. மூன்றாவது அடியில் வலது சப்பாத்து சேற்றுக்குள்ளேயே நின்றுவிட, கால் மட்டும் வெளியே வந்தது. வெள்ளைக் காலுறை போட்ட அந்தக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடி, கையிலிருந்த கண்ணாடிக் குழாயை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கடமையுணர்வு என்றால் அதுதான்.

அவருக்கு முன்னால் நின்ற எருமை அசைபோடுவதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தது. அதற்கு முன்பு அது ஓர் உயர் உத்தியோகத்தரைப் பார்த்ததில்லை. பார்த்ததால் அதற்கு மரியாதை எதுவும் கூடியதாகவும் தெரியவில்லை.

பட்டியின் மறுகரையில் மங்கையர்க்கரசி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றா. எருமைகள் அவாவுடையவை. அவா சிரிக்கவில்லை. தன் பாலுக்குள் வெளியிலிருந்து பாலாடை எடுத்துக் கலந்தாவா இல்லையா என்பதை அன்று காலை அரசாங்கம் தீர்மானிக்கப் போகிறது என்று அவாவுக்குத் தெரியும்.

பாலுக்குள் தண்ணீர் கலந்தவர்களை எல்லா ஊரிலும் பிடித்திருக்கிறார்கள். பாலுக்குள் பாலாடை கலந்த குற்றத்துக்காக ஒரு பெண்ணை விசாரித்த பெருமை எங்கள் பால் நிலையத்துக்கு மட்டும்தான் இருந்திருக்கும். அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். ஆகவே பெருமையில் பாதி என்னுடையது.

ஒரே நாடு, ஒரே விலை

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய காலம். சரியான ஆண்டு வேண்டுமென்றால் என் பழைய நியமனக் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கறையான் எனக்கு முன்பே பார்த்து முடித்துவிட்டது.

கிளிநொச்சி ரயில் நிலையத்துக்குக் கிட்ட, தகரக்கூரை போட்ட ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கதிரை, பால்மானி ஒன்று, கொழுப்பு அளக்கும் கண்ணாடிக் குழாய்கள், அவற்றைக் கையால் சுழற்றும் ஒரு பொறி. விடிய ஐந்து மணிக்குத் திறப்பேன். ஏழரைக்குள் பாலைச் சோதித்து, பெரிய கலன்களில் ஊற்றி, தெற்கே போகும் காலை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு நாள் முழுவதும் எனக்கு வேலை, புளித்த வாசத்தைச் சுவாசிப்பதுதான். இருபத்துநாலு வயது. குடாநாட்டில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவன் என்பதால் ஊரார் என்னைப் 'பால் மாஸ்டர்' என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

சுவரில் விலை அட்டவணை தொங்கியது. பாலில் கொழுப்பு எத்தனை வீதம், அதற்கு ஒரு போத்தலுக்கு எத்தனை சதம் என்று இரண்டு நிரல். கொழுப்பு கூடக் கூட விலையும் கூடும். மூன்றில் தொடங்கி ஆறில் முடியும். மலைநாட்டுச் சீமைப் பசுவுக்கும், எங்கள் காட்டோரம் மேயும் ஊர்ப் பசுவுக்கும், மழைக்கும் வெயிலுக்கும், தைக்கும் ஆடிக்கும் அதே அட்டவணை. அதைத் தயாரித்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று சொன்னார்கள். படிப்பு முடிந்த கையோடு மாடு பார்க்கப் போகாமல் விட்டது நாட்டின் துர்ப்பாக்கியம்.

வன்னியில் பால் மழையைப் பார்த்துத்தான் வரும். மாரியில் குளங்கள் நிரம்பி, கரையெல்லாம் புல் முளைத்தால் பட்டிகளில் பால் பெருகும். வட்டக்கச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பாலை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் சனம் நிற்கும். அப்போது கந்தோர் எனக்கு அறிவிக்கும்: கலன்கள் போதாது, மேலதிகப் பாலைத் திருப்பி அனுப்பவும். கோடையில் புல் கருகி, மாடுகள் எலும்பு தெரிய நடந்து திரியும். பால் வற்றிவிடும். அப்போது கந்தோர் கேட்கும்: பால் வரவு ஏன் குறைந்தது, விளக்கம் தரவும்.

முதல் வருடம் நான் உண்மையாகவே விளக்கம் எழுதினேன். மழை பெய்யவில்லை என்று ஒரு வரி. காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. மழைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருப்பார்களோ தெரியாது.

தேத்தண்ணிக் கடையின் அட்டவணை

கந்தோருக்குத் தெரியாத பால் விலை ஒன்று ஊரில் இருந்தது. அதைத் தீர்மானித்தவர் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முருகேசர். அவரிடம் பால்மானியும் இல்லை, பட்டமும் இல்லை. ஒரு விரலைப் பாலுக்குள் வைத்து எடுத்து, அது வழிகிற வேகத்தைப் பார்த்து விலை சொல்லிவிடுவார். கோடையில் பாலுக்கு என் அட்டவணையைப் போல இரண்டு மடங்கு கொடுப்பார். ஒருவரும் என் நிலையப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். மாரி பிறந்து பால் பெருகியவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாலோடு வருபவர்களைக் காத்திருக்க வைத்து, நேரம் போகப் போக விலையை இறக்குவார். பால் காத்திருந்தால் திரைந்துவிடும் என்பது விற்பவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரக்கமில்லாத மனிதர்தான். ஆனால் புல்லைப் பார்த்து விலை சொன்னவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

(போன கிழமை நான் எழுதிய நெல் மூட்டைக் கதையை வாசித்த அன்பர் ஒருவர், நீங்கள் வேலை பார்த்த இடமெல்லாம் இப்படித்தானா என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை. சில இடங்களில் மின்விசிறி இருந்தது.)

நானே போய்க் கூப்பிட்டேன்

மங்கையர்க்கரசி அக்கா குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்தவா. நாற்பது வயதிருக்கும். புருசன் கந்தப்பு வயலைப் பார்த்தார், அவா எருமைகளைப் பார்த்தா. சீதனமாக வந்த பனங்காணித் துண்டை விற்று நாலு எருமை வாங்கினா. நான் பார்த்தபோது பட்டியில் பதினொன்று நின்றன. பாலை முருகேசர் கடைக்குத்தான் கொடுத்து வந்தா.

அந்த மாரியில் முருகேசர் வழக்கம்போல விலையை இறக்கினார். அதே நேரம், இந்த மாதம் புதிய பால்காரரைச் சேர்க்க வேண்டும் என்று கந்தோரிலிருந்து எனக்கு உத்தரவு வந்திருந்தது. திருப்பி அனுப்பவும் என்ற உத்தரவும் அதே உறையில்தான் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டி பட்டியாகப் போனேன். அக்காவின் படலையடியில் நின்று, அரசாங்கம் பாலாடைக்குத் தனி விலை தருகிறது, எருமைப்பாலில் ஆடை கூட, ஆகவே உங்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று பிரசங்கம் செய்தேன்.

அவா யோசித்துத்தான் ஓமென்றா. முருகேசரைப் பகைத்துக்கொண்டால் கோடையில் அவர் சேர்க்கமாட்டார் என்ற பயம் அவாவுக்கு இருந்தது. அரசாங்கம் ஓடிப்போகாது அக்கா என்று நான் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஓடியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த நாள் விடிய அவா கொண்டுவந்த பாலைக் குழாயில் எடுத்து, அமிலம் விட்டு, பொறியில் சுழற்றிப் பார்த்தேன். கொழுப்புப் படலம் ஏழைத் தாண்டி எட்டுக்குக் கிட்ட நின்றது. சுவரைப் பார்த்தேன். அட்டவணை ஆறோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் சுவர்.

ஆறுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டு, ஏழுக்கும் எட்டுக்கும் என்ன விலை என்று கந்தோருக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. இத்தகைய பால் இயல்பானதல்ல. கூடுதல் விலை பெறும் நோக்கத்தோடு வெளியிலிருந்து பாலாடை சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பாலை ஏற்க வேண்டாம். கலப்படம் செய்தவரின் பெயரை நிலைய வாசலிலுள்ள கரும்பலகையில் மற்றவர்கள் அறியும்படி எழுதவும்.

எருமை என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை யாரும் வாசிக்கவில்லையா, அல்லது எருமையும் ஒரு பசுதான் என்று முடிவெடுத்தார்களா தெரியாது. தெரிந்தது ஒன்று: நான் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெண்கட்டியை எடுத்தேன். திரும்ப ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்துக்காகப் பரிசு வாங்கியவன். பெரிய உருண்டை எழுத்தில், வரி கோணாமல், 'பாலில் கலப்படம் செய்தவர்' என்று மேலே எழுதி, கீழே அவாவின் முழுப் பெயரையும் ஊரையும் எழுதினேன். எட்ட நின்று பார்த்து, ஒரு கொம்பைக்கூடத் திருத்தினேன்.

பலகை வாசித்த சனம்

நிலைய வாசலுக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு வாசிக்க வேறொன்றும் இல்லை. மூன்று நாளில் வட்டக்கச்சி முழுக்கக் கதை பரவியது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள். என்ன கலந்தா என்று கேட்டவர்கள் குறைவு. கலப்படம் என்றால் தண்ணீர்தான், அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது.

கோயிலில் அபிஷேகத்துக்கு அவா கொடுத்து வந்த பாலை இனி வேண்டாமென்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். முருகேசரிடம் திரும்பப் போனபோது, அவர் விரலைப் பாலுக்குள் வைக்கவே இல்லையாம். அரசாங்கமே எழுதிப் போட்ட பாலுக்கு அரை விலைதான் என்றாராம். அது நல்ல பால் என்று அவருடைய விரலுக்குத் தெரியும். அதனால்தான் வாங்காமல் விடவுமில்லை.

பரிசோதகர் சுற்றுப்பயணம் வரும் செய்தி அவாவுக்கு எப்படியோ எட்டியிருந்தது. அவர் என் கதிரையில் இருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவா வாசலில் வந்து நின்றா. அழுது குளறுவா என்று நான் பயந்தேன். அவா சத்தத்தை உயர்த்தாமல் கதைத்தா.

"ஐயா, நான் என்ர பாலுக்கை ஆடை கலந்தனான் எண்டு எழுதியிருக்கிறியள். அந்த ஆடை ஆரின்ரை மாட்டிலையிருந்து வந்தது எண்டும் எழுதிவிடுங்கோ. நான் போய் அவைக்குக் காசு குடுக்க வேணும்."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் இளநீர்க் கோம்பையைப் பார்த்தேன். பிறகு அவா, நாளைக்கு விடிய வாருங்கள், உங்கள் கண்ணுக்கு முன்னால் கறந்து காட்டுகிறேன் என்றா. அவர் சம்மதித்தார். அவா வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் பாலாடையைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் சம்மதித்தார் என்பதை அன்று பின்னேரம் என்னிடம் சொன்னார்.

பட்டிக்குள்

சப்பாத்தைக் கந்தப்பு சேற்றுக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, வாய்க்காலில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். பரிசோதகர் அதைப் போட்டுக்கொண்டு முதலில் போனது குசினிக்குள். பானை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பழஞ்சோறு இருந்தது. மோரில் ஊறிய மிளகாய் இருந்தது. ஒரு பானையை முகர்ந்துவிட்டுச் சட்டென்று முகத்தை எடுத்தார். அது மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர். பாலாடை இல்லை. அக்கா ஒவ்வொரு மூடியையும் அவருக்குப் பின்னால் எடுத்து மூடிக்கொண்டே வந்தா.

பிறகு கறந்தா. பரிசோதகர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். வாளியிலிருந்து நானே பாலை எடுத்து, அங்கேயே ஒரு மரக்குற்றியின் மேல் பொறியை வைத்துச் சுழற்றினேன். சுற்றிவர அயலட்டைச் சனம். குழாயைப் பரிசோதகரே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த எருமையின் பாலையும் பார்த்தோம். அதுவும் அப்படித்தான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இனிப் பிரச்சினை முடிந்தது, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பரிசோதகர் நீண்ட நேரம் குழாயையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "இந்த மாடுகள் நியம அளவுக்குப் புறம்பானவை" என்றார்.

குற்றம் அக்காவிடமிருந்து எருமைக்கு மாறியது. அதை ஒரு முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு உத்தரவு

ஒரு மாதம் கழித்து அந்த விடயம் தொடர்பான தீர்மானம் தபாலில் வந்தது. எருமைப்பாலை அட்டவணைக்கு உட்படுத்தும் பொருட்டு, பொறுப்பாளரின் மேற்பார்வையில் குறித்த அளவு சுத்தமான நீர் சேர்த்த பின் ஏற்றுக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்த நீருக்கு விலை கிடையாது.

நான் இரண்டு தரம் வாசித்தேன். பாலில் தண்ணீர் கலப்பதைத் தடுப்பதற்காக எனக்குச் சம்பளம் தந்தவர்கள், இப்போது அதே சம்பளத்தில் தண்ணீர் கலக்கச் சொல்கிறார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுகூட நினைத்தேன்.

அவா மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டா. பிறகு, பலகையில் பேர் இன்னும் கிடக்குதோ என்று மட்டும் விசாரித்தா. கிடக்கிறது, அழிக்கும்படி கடிதத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப முதல் தண்ணி கலக்காமல் கலப்படக்காரி எண்டு பேர் எடுத்தன். இனித் தண்ணி கலந்து நல்லவ எண்டு பேர் எடுக்கவோ தம்பி? அது என்னாலை ஏலாது."

அதோடு அவா என் நிலையத்துக்குப் பால் கொண்டுவருவதை விட்டுவிட்டா. முருகேசருக்கும் கொடுக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் சாகுல் நானாவை எனக்கும் தெரியும். அவர் ஒருநாள் அவா வீட்டில் தயிர் சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாராம். தயிர் விழவில்லை. இந்தத் தயிருக்கு வவுனியாவில் கேட்ட விலை கொடுப்பார்கள் தங்கச்சி, சட்டியும் நானே கொண்டுவந்து தாறன் என்றாராம். அவா பாலைத் தயிராக்கத் தொடங்கினா. பால் ரெண்டு மணித்தியாலம் காத்திருக்காது. தயிர் ரெண்டு நாள் காத்திருக்கும். நெய் ரெண்டு மாதம் காத்திருக்கும். விற்பவர் காத்திருக்கலாம் என்றால் வாங்குபவர் இறங்கி வருவார். இந்தச் சின்னக் கணக்கை, விஞ்ஞானம் படித்த நான் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் கற்றேன்.

என் நிலையத்துக்கு இதனால் குறைவு வரவில்லை. பட்டிக்குள் நடந்த சோதனையைச் சுற்றி நின்று பார்த்த அயலவர்களுக்கு ஒரு விசயம் நன்றாக விளங்கியிருந்தது: ஆறுக்கு மேல் போனால் வீண். அவர்களும் எருமைப்பால் கொண்டுவந்தார்கள். என் மேற்பார்வைக்குச் சிரமம் தராமல், தண்ணீரை வீட்டிலேயே கலந்து கொண்டுவந்தார்கள். அளவு அவ்வளவு திருத்தம். ஒவ்வொரு நாளும் எல்லோருடைய பாலும் ஆறிலேயே நின்றது. தண்ணீருக்கு விலையில்லை என்ற விதி அவர்களைத் தொடவில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீர் வாளிக்குள் பாலாகவே வந்தது. பால்மானியும் மறுப்புச் சொல்லவில்லை.

பாலின் தரம் சீராக இருப்பதைப் பாராட்டிக் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஈரத்துணி

கோடை தொடங்கிய ஒரு காலை. ரயில் போய்விட்டது. நான் கலன் கழுவிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். புளியங்குளம் பக்கம் போகிறவர்களாக இருக்கலாம். ஒருவர் பலகையைச் சத்தமாக வாசித்தார். பெயரை வாசித்துவிட்டு, பெண்டுகளும் இந்த வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மற்றவரும் சிரித்தார்.

அவர்களுக்குப் பக்கத்தில் நெல் மூட்டையோடு நின்றவர் கந்தப்பு. மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து, திரும்பவும் இறுக்கிக் கட்டினார். அதைத் திரும்பவும் அவிழ்த்தார்.

நான் கலன் துடைத்த ஈரத்துணியோடு வெளியே வந்து பலகையைத் துடைத்தேன். வெண்கட்டி மாதக்கணக்கில் காய்ந்து ஊறியிருந்தது. மூன்று தரம் அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. கந்தப்பு பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்ததும் ஏறிப் போனார்.

உத்தரவின்றி அறிவித்தலை அகற்றியதற்கு விளக்கம் கேட்டார்கள். பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது என்று பதில் எழுதினேன். அந்தப் பிழையை எழுதியவர் யார் என்று கேட்டார்கள். நான் என்று எழுதினேன். அடுத்த மாதம் தென்பகுதியில் ஒரு பண்டசாலைக்கு மாற்றினார்கள். அங்கே பாலும் இல்லை, மாடும் இல்லை.

புறப்பட்ட நாள் காலை ரயில் மேடையில் பெட்டியோடு நின்றேன். மங்கையர்க்கரசி அக்கா அங்கே நின்றா. என்னை வழியனுப்ப வந்திருக்கிறா என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்த துணிவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவாவுக்குப் பின்னால் வாழைச்சருகு கட்டிய தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருந்தன. சாகுல் நானா ஒவ்வொன்றாக ரயிலின் சாமான் பெட்டிக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார். கோடையிலும் அவா பட்டியில் நாலு எருமை கறந்தது. வவுனியாவில் விலை ஏறியிருந்தது.

நான் கிட்டப் போனேன்.

"அக்கா, பலகையிலை இருந்த பேரை நான் அழிச்சுப்போட்டன்."

"ஓம், என்ர மனுசன் வந்து சொன்னவர்" என்றா. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னா. கோபம் இருக்கவில்லை. "எல்லாரும் வாசிச்சு முடிஞ்சாப்பிறகு."

பிறகு சட்டியொன்று சரிகிறது என்று நானாவிடம் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போனா. ரயில் வெளிக்கிட்டது. வவுனியாவில் சட்டிகளை இறக்குவதை யன்னலால் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.